உறை பிரிக்காத லேப்டாப்

நிஷா செய்த ஒரே தப்பு, ஜெயித்ததைக் காலேஜில் சொன்னது.

அதையும் அவளாகச் சொல்லவில்லை. அம்பத்தூரில் ஒரு மாலில் கல்லூரிகளுக்கு இடையே கேமிங் போட்டி நடந்தது. கடைசி ரவுண்டில் அண்ணா நகர்ப் பையன்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளிவிட்டு, முதல் பரிசு லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றாள். கூட வந்திருந்த மெஹக் அதைப் படமெடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டாள். படம் குரூப்பிலிருந்து லெக்சரருக்கும், லெக்சரரிடமிருந்து கரஸ்பாண்டென்டுக்கும் போய்ச் சேர்வதற்குள் நிஷா ஆவடிக்கு பஸ்கூட ஏறியிருக்கவில்லை. மறுநாள் காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கியது. கரஸ்பாண்டென்ட் பூங்காவனம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே லேப்டாப் இருந்தது. நிஷாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆவடி தாண்டி, வெள்ளானூருக்கும் அந்தப் பக்கம், ஒரு காலத்தில் செங்கல் சூளை இருந்த இடத்தில் நிற்கிறது பூங்காவனம் பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி. சூளையும் அவருடையதுதான், கல்லூரியும் அவருடையதுதான். பச்சையாக உள்ளே போவதெல்லாம் நன்றாக வெந்து, ஒரே அளவில், ஒரே நிறத்தில் வெளியே வரவேண்டும் என்ற கொள்கையைத் தொழில் மாறியபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

போன வருஷம் கல்லூரிகளுக்கு கிரேடு போடுகிற குழு ஒன்று வந்து, கேசரி சாப்பிட்டுவிட்டு, மிகவும் சுமாரான கிரேடைக் கொடுத்துவிட்டுப் போனது. காரணம் என்ற இடத்தில், ‘மதிப்பீட்டுப் பண்பாடு போதாது’ என்று எழுதியிருந்தது. பூங்காவனம் அந்த வார்த்தையை விடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காலேஜில் மதிப்பீடு செய்யப்படாத எதுவும் மிச்சமில்லை. கேன்டீன் சாம்பாருக்கு ஒரு குழு. அது கூடி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிடும் என்பதால், ‘சாம்பார் எப்போதும் ஆறியே இருக்கிறது’ என்று அறிக்கை கொடுத்தது. வேப்பமரத்து நிழலுக்கு ஒரு குழு. நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் வேறு பக்கமும் விழுகிறது, ஒழுங்கு இல்லை என்று அது கண்டுபிடித்தது. மரத்தை வெட்டினார்கள். குழுக்களை மதிப்பிடவும் ஒரு குழு உண்டு. அதில் எல்லாக் குழுக்காரர்களும் இருந்தார்கள், எல்லோருக்கும் ‘மிக நன்று’.

திங்கட்கிழமை, ஃபோட்டோ எடுக்க லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி ஆள் வந்தது. நிஷா பெட்டியோடு போனாள். அவளையும் பெட்டியையும் பூங்காவனத்தையும் வைத்து ஒரு படம். அவளை நகரச் சொல்லிவிட்டுப் பெட்டியையும் பூங்காவனத்தையும் மட்டும் வைத்து நிறையப் படங்கள். எல்லாம் முடிந்து அவள் கையை நீட்டியபோது, பூங்காவனம் பெட்டியை அட்டெண்டர் துலுக்கானத்திடம் கொடுத்துவிட்டார்.

“சார், அது என்னுது சார்.”

“யாருது இல்லேன்னது? காலேஜி பேர்ல தானம்மா ஜெயிச்சே? குழு பார்க்கட்டும். நல்ல பொருளுன்னு சொல்ட்டாங்கன்னா, ரிசப்ஷன்ல கண்ணாடி அலமாரி ஒண்ணு போட்டு உள்ள வெச்சிரலாம். வர்றவன் போறவன் எல்லாம் பார்ப்பான். உனுக்குந்தான பெருமை?”

“சனிக்கிழமைக்குள்ள ஒரு வேலை முடிக்கணும் சார், இதுலதான்…”

“குழு பார்க்கட்டும்” என்றார் பூங்காவனம் மறுபடியும், கோயில் பிரசாதம் கொடுப்பதுபோல.

அந்த சனிக்கிழமைதான் அவளுக்குக் கெடு. போட்டிக்கு வந்திருந்த ஒரு கேம் ஸ்டுடியோக்காரர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள், அவளுக்கு ஒரு டெஸ்ட் கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஓரிடத்தை மழை பெய்கிற கேம் காட்சியாகச் செய்து சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பவேண்டும். பிடித்திருந்தால் வேலை. நிஷா குத்தம்பாக்கம் பஸ் நிலையத்தை எடுத்துக்கொண்டு, அதில் செத்தவர்கள் எழுந்து வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக யோசித்திருந்தாள். நிலையம் வந்துவிட்டது, செத்தவர்கள் வந்துவிட்டார்கள், மழைதான் வரவில்லை. வீட்டில் அண்ணன் விஜய் தட்டிமுட்டிச் சேர்த்து வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர், திரையில் முதல் தூறல் விழுந்ததும் அப்படியே உறைந்துபோய்விடும். மழையைத் தாங்குகிற மிஷின் இப்போது துலுக்கானத்தின் கையில் இருந்தது.

‘உயர்செயல்திறன் மடிக்கணினி மதிப்பீட்டுக் குழு’ மறுநாளே கூடியது. தலைவர், எலக்ட்ரிக்கல் துறைத் தலைவர் தட்சிணாமூர்த்தி. ஒழுக்க அம்சத்தைப் பார்க்க இங்கிலீஷ் மேடம். கேம் என்று எழுதியிருந்ததால் பி.டி. மாஸ்டர். கம்ப்யூட்டர் துறையிலிருந்து யாரையும் போடவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும், அதனால் பாரபட்சம் வந்துவிடும் என்று தட்சிணாமூர்த்தி விளக்கினார். பொருளைக் கொண்டுவந்தவள் என்ற முறையில் நிஷா ஓரமாக நிற்கலாம்.

முதல் வேலை, உறை போடுவது. பூங்காவனத்தின் சட்டங்களில் முதலாவது அது. அந்தக் காலேஜில் எந்தப் பொருளின் உறையையும் யாரும் பிரிக்கக் கூடாது. ஃபேன்கள் பாலிதீனுக்குள் சுற்றின. லேப் ஸ்டூல்களில் உட்கார்ந்தால் சரக் சரக் என்று சத்தம் வரும். ஸ்மார்ட் போர்டின் மேல் இருந்த ஷீட்டில்தான் லெக்சரர்கள் மார்க்கரால் எழுதினார்கள். அவருடைய காரில் சீட்டு உறை பிரிக்காமல் கார் பழசாகிவிட்டது. “உறை கீற வரைக்கும் அது புதுசு. பிரிச்சா பழசு. பழசுக்கு எவன் மார்க்கு போடுவான்?” என்பார்.

லேப்டாப்போடு வந்த மெல்லிசுப் பை திறந்து மூட வசதியாக இல்லை என்பதால், நோட்டுக்கு அட்டை போடுகிற கனமான கண்ணாடி ஷீட்டை வாங்கிவந்து, அடிப்பக்கம், விசைப்பலகை, முதுகு எல்லாவற்றையும் துலுக்கானம் சுற்றி, செலோ டேப் போட்டு, நகத்தால் தேய்த்து ஒட்டினார். சார்ஜர் சொருகுகிற இடத்திலும் பவர் பட்டனுக்கும் மட்டும் பிளேடால் ஒரு கீறல்.

“சார், அடியில காத்து உள்ள போவணும் சார், பின்னாடி அனல் வெளிய வரணும்” என்றாள் நிஷா.

தட்சிணாமூர்த்தி அவளைப் பரிவோடு பார்த்தார். தூசி உள்ளே போகும் வழியைத்தான் அவள் காற்று போகும் வழி என்று தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று குழுவுக்கு எடுத்துச் சொன்னார். குழு தலையாட்டியது.

பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். 240 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் தட்சிணாமூர்த்தி நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“நம்ம ஊர்ல கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸ்ல வருதும்மா?”

“அம்பது சார்.”

“இதுல என்ன போட்டிருக்கான்? எரநூத்தி நாப்பது. இதை வால் சாக்கெட்ல சொருகினா பில்டிங் ஒயரிங் என்னத்துக்கு ஆவும்?”

“சார், அது ஸ்க்ரீனுக்கு சார். ஒரு செகண்டுக்கு எத்தினி வாட்டி படம் மாறுதுன்றது.”

“படம் எதால மாறுது? கரண்டாலதான? நான் இத்தனை வருஷமா இதைத்தான் கிளாஸ்ல நடத்திட்டிருக்கேன்.”

அது உண்மைதான். அவரிடம் படித்தவர்களில் யாரும் இதுவரை கரண்ட் பக்கம் வேலைக்குப் போனதில்லை. மின்வாரியம் அந்த வகையில் தப்பித்தது.

ஆகவே கட்டடத்தின் பாதுகாப்பை முன்னிட்டு, குழு பின்பக்கத்து ஜெனரேட்டர் கொட்டகைக்கு இடம் மாறியது. பாலிதீன் உறையோடு நாற்காலிகள் வந்தன. டீ வந்தது. ஜெனரேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பின் ஃபேன் சத்தம் அதிகமாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்கவில்லை. ‘அமைதியானது’ என்று எழுதிக்கொண்டார்கள்.

பி.டி. மாஸ்டர் ஒரு விளையாட்டைப் போடச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதில் ரெஃப்ரி எங்கே என்று கேட்டார். ரெஃப்ரி கிடையாது என்றதும், ரெஃப்ரி இல்லாமல் நடப்பது விளையாட்டு அல்ல, அடிதடி என்றார். இங்கிலீஷ் மேடத்துக்கு, செத்துப்போகிறவர்கள் உடனே எழுந்து வருவது பிடித்திருந்தது. அதில் ஒரு நம்பிக்கைச் செய்தி இருப்பதாகச் சொன்னார்.

உயர்செயல்திறன் சோதனைக்குத் தட்சிணாமூர்த்தி தானே ஒரு முறை கண்டுபிடித்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் முதலாமாண்டு அட்டெண்டன்ஸ் ஷீட்டைத் திறப்பது. அதையே லேப்டாப்பில் திறப்பது. இரண்டிலும் அதே பெயர்கள் வந்தன. அதே பையன்கள் ஆப்சென்ட். அப்படியானால் இதில் உயர்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ குடித்தார்.

குழு இப்படியே தினமும் கூடிக்கொண்டிருந்தது. நிஷா பிளேஸ்மென்ட் ஆபீசர் கோகுல்நாத்திடம் ஓடினாள். மாணவர்களுக்கு வேலை வாங்கித் தருவதுதான் அவருடைய வேலை. வேலை கிடைக்கிற வழி ஒன்று ஜெனரேட்டர் கொட்டகையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் பதறிவிடுவார் என்று நினைத்தாள். கோகுல்நாத் பதறத்தான் செய்தார்.

“சனிக்கிழமை அனுப்பினா வேலை கிடைச்சிருமா உனக்கு?”

“சான்ஸ் கீது சார்.”

“அது எப்படிம்மா? நாமதான் இந்த வருஷம் நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு அட்மிஷன் நோட்டீஸ்லயே அடிச்சிட்டோமே. இப்ப போய் நீ வேலைக்குச் சேர்ந்தேன்னா கணக்கு நூத்துக்கு மேல போயிடும். கேள்வி கேப்பாங்க.”

“இன்னும் எங்க கிளாஸ்ல ஒருத்தருக்குமே வேலை வரல சார்.”

“அதனாலதான் கணக்கு சுத்தமா இருக்கு” என்றார் கோகுல்நாத். அவளைச் சமாதானப்படுத்த, போரூரில் கிரெடிட் கார்டு விற்கிற கால் சென்டருக்கு இண்டர்வியூ இருப்பதாகச் சொன்னார். அதில் சேர்ந்தால் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம்.

வியாழக்கிழமை மத்தியானம், கேன்டீனில் ஆறிய சாம்பாருக்கு எதிரில் நிஷா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஆடிட்டோரியத்தில் ‘மதிப்பீட்டுத் திருவிழா’ என்று சர்க்குலர் வந்திருந்தது. குழு அங்கே அறிக்கை வாசிக்கும், நிஷா மேடையில் விளையாடிக் காட்டுவாள், பூங்காவனம் பொருளைக் கல்லூரிக்கு ஏற்றுக்கொள்வார். கண்ணாடி அலமாரிக்கு ஆசாரி வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“சாக்கெட்ல சொருக மாட்டேன்னாங்க. சொருகினா ஒண்ணும் ஆவாது, சூப்பர் மிஷினுன்னு தலைகீயா நின்னு எடுத்துச் சொன்னேன். இப்ப ஒத்துக்கினாங்க. நாளைக்கு ஸ்டேஜ்ல சொருகி ஆடலாமாம்” என்றாள் நிஷா.

மெஹக் பூந்தமல்லிக்காரி. அவளுடைய அப்பா அன்வர் பாஷா பழைய டூ வீலர் வாங்கி விற்கிறவர். ஒரு பொருளை யாராவது புகழ்ந்தாலே சந்தேகப்படுகிற வீடு.

“லூசாடி நீ? நல்ல மிஷினு, சூப்பர் மிஷினுன்னு நீயே சொல்லிகினு கீறே. நல்லதுன்னா வெச்சுக்குவானுங்க. எங்கப்பாகூட நான் வண்டி வாங்கப் போனா இன்னா சொல்லுவேன்? டயர் மொட்ட, இஞ்சின் பொக, சைலன்சர் ஓட்டன்னுதான் ஆரம்பிப்பேன். அப்பதான் அவனே போதும் எடுத்துகினு போன்னு தள்ளுவான்.”

நிஷா சாம்பாரிலிருந்து நிமிர்ந்தாள். சாக்கெட்டில் சொருகினால் முழு வேகம். சுற்றிலும் ஷீட். ஒரு காற்று போகாது, ஒரு அனல் வெளியே வராது.

“பொக வராது மெஹக். சூடு அதிகமாச்சுன்னா அதுவே தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும்” என்றாள் மெதுவாக. ஆகவேண்டும். ஆகும் என்றுதான் எல்லா ரெவ்யூ வீடியோவிலும் சொல்கிறார்கள். உறை போட்டு யாரும் ரெவ்யூ செய்து அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. பக்கத்துக் கல்லூரிகளின் கரஸ்பாண்டென்ட்டுகள் முன் வரிசையில். மேடையின் நடுவில், பட்டுத்துணி விரித்த மேஜையில், லேப்டாப் மாலையோடு உட்கார்ந்திருந்தது. மூடியில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் எலுமிச்சம்பழம். ஷீட்டு இருந்ததால் பொருளில் கறை படவில்லை என்று துலுக்கானம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

பூங்காவனம் மைக்கைப் பிடித்தார்.

“நான் படிச்சவன் இல்ல. படிச்சவனுக்கு சம்பளம் குடுக்கறவன். இந்தக் காலேஜ்ல ஒரு பொருளு வீணா போச்சுன்னு ஒரு சரித்திரம் கிடையாது. லைப்ரரில போய்ப் பாருங்க, ஒரு புக்கு கிழிஞ்சிருக்கா? லேப்ல பாருங்க, ஒரு மிஷினு ரிப்பேர் ஆயிருக்கா? எப்டி முடிஞ்சிது? எதையும் நாங்க தொட வுட்டதே கிடையாது. பசங்களயும் அப்டித்தான் வெச்சிருக்கோம். உள்ள வரும்போது எப்டி வந்தானோ, ஒரு கீறல் இல்லாம, அப்டியே வெளிய அனுப்பறோம்.”

பெற்றோர்கள் பகுதியிலிருந்து பலமான கைதட்டல் வந்தது.

தட்சிணாமூர்த்தி அறிக்கை வாசித்தார். பொருள் அமைதியானது, கனமானது, அட்டெண்டன்ஸ் ஷீட்டைத் திறக்கவல்லது, நம்பிக்கைச் செய்தி உடையது, எனவே கல்லூரியின் சொத்தாக ஏற்கத் தகுதியானது. கடைசியாகச் செயல்முறை விளக்கம் என்று சொல்லி நிஷாவைப் பார்த்தார்.

நிஷா உட்கார்ந்தாள். சார்ஜரைச் சொருகினாள். இருப்பதிலேயே கனமான கேமைத் திறந்து, அதில் உள்ள அத்தனை செட்டிங்கையும் கடைசி வரை ஏற்றினாள். திரையில் மழை கொட்டியது. ஷீட்டின் மேல் அவள் விரல்கள் வழுக்கின. கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் ஓலமிட ஆரம்பித்தன. அடிப்பக்கத்து ஷீட் உள்ளே உறிஞ்சப்பட்டது. பின்பக்கத்து ஷீட் தவளை வயிறுபோல உப்பியது. மேடையில் தொங்கிய பெரிய திரையில், கேமரா வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வாயைப் பிளந்தது.

“கவனிக்கவும்” என்றார் தட்சிணாமூர்த்தி மைக்கில். “இதுதான் உயர்செயல்திறன். பொருள் விரிவடைகிறது.”

கைதட்டினார்கள்.

மூலையில் ஓடிய சூட்டு அளவு ஏறிக்கொண்டே போனது. மழைக்கோட்டை இஸ்திரி போட்டதுபோல ஒரு வாசனை கிளம்பியது. உள்ளங்கையைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது நிஷாவுக்கு. இந்நேரம் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாகச் சம்பாதித்த பொருள், அவள் கையாலேயே வெந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் கேமுக்குள் எத்தனையோ பேரைக் கூசாமல் கொன்றிருக்கிறாள், ஒருமுறைகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. முதல் வரிசைக்குப் பின்னால் மெஹக் உதட்டைக் கடித்துக்கொண்டு தெரிந்தாள். போதும், நிறுத்திவிடலாம், அலமாரியில் உயிரோடாவது இருக்கட்டும் என்று நிஷா கையை எடுக்கப் போனாள்.

திரை கறுத்தது. ஃபேன்கள் அடங்கின. பின்பக்கத்து உப்பல் மெதுவாகச் சுருங்கியது.

பூங்காவனம் எழுந்து வந்து பவர் பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழத்தை நகர்த்திவிட்டு மறுபடியும் அமுக்கினார். முன் வரிசைக் கரஸ்பாண்டென்ட்டுகளில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாயா இது? நம்ம ஸ்டேஜ்ல வந்து பூட்ச்சு?”

“நான் முதல்லயே சொன்னேன் சார், எரநூத்தி நாப்பதுன்னு” என்றார் தட்சிணாமூர்த்தி. சொல்லிக்கொண்டே, ‘தகுதியானது’ என்று முடிந்த கடைசித் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தாளை எடுத்தார். அதையும் முன்பே தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். அவருடைய பதவிக் காலத்தின் ரகசியமே அதுதான்.

அதை வாசித்தார். பொருள் அதிக வெப்பமுடையது, நம்பத்தகாதது, கல்லூரியின் சூழலுக்கு ஒவ்வாதது, தகுதியற்றது. அதே ஆட்கள் அதே அளவுக்குக் கைதட்டினார்கள். இப்படி ஒரு குப்பையைக் கண்டுபிடித்து வெளியேற்றிய முதல் கல்லூரி நம்முடையதுதான் என்று இங்கிலீஷ் மேடம் சொன்னதும், பூங்காவனத்தின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. மைக்கை வாங்கினார்.

“கேட்டுக்குங்க. இந்தத் தரித்திரம் இன்னும் ஒரு நிமிஷம் நம்ம காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது. கிரேடு போடறவன் கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம மானம் பூடும். யாருது இது?”

இந்த ஒரு வாரமாக அது ‘நம்மளுது’. இப்போது மேடையில் இருந்த ஒவ்வொருவரும் நிஷாவைக் கை காட்டினார்கள். ஃபிளெக்ஸில் அவளைக் கண்ணுக்குத் தெரியாமல் போட்டவர்கள்கூட.

“நாலு பேர் முன்னால உன் வாயால சொல்லு. காலேஜிக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதா?” என்று மைக்கை அவள் வாய்க்கு நீட்டினார் பூங்காவனம்.

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லாவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“ஒரு சம்பந்தமும் இல்ல சார். இது என்னுது. என்னுது மட்டுந்தான்.”

ஸ்பீக்கர்கள் அதை மைதானம் வரைக்கும் சொல்லின. பி.டி. மாஸ்டர் மாலையை மட்டும் கழற்றிக்கொண்டார், அது காலேஜ் செலவு. துலுக்கானம் லேப்டாப்பை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே அவள் கையில் கொடுத்தார். கையில் வாங்கியபோது அது இன்னும் காய்ச்சல்காரக் குழந்தைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. மெஹக் அவளையும் அதையும் ஷேர் ஆட்டோவில் தள்ளி, தானும் ஏறினாள்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வரும்போது நன்றாகக் காற்று வீசியது. நிஷா அதுவரை அதைத் தொடவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். மெஹக்தான் பார்த்தாள்.

“வந்துச்சுடி” என்றாள் மெஹக். “சாவல.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நிஷாவின் அம்மா விஜி போன் செய்தாள். ஏதோ விழா என்று பொண்ணு சொல்லிவிட்டுப் போயிருந்தாள், என்ன ஆச்சு, பாஸ் பண்ணாங்களா இல்லையா என்று கேட்டாள்.

“பெயில் பண்ட்டாங்கம்மா” என்றாள் நிஷா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. “ஊட்டுக்கு இட்டுகினு வந்துகினு கீறேன். நாளைக்கு சாய்ந்திரம் வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க. மழை பெய்ய வெக்கணும்.”